மழலையர் பள்ளியின் பலன் ஒன்றாம் வகுப்பில் தெரியுமா, நான்காம் வகுப்பிலா?

மகளுக்கு மூன்று வயது முடியப் போகிறது, மழலையர் பள்ளியில் சேர்த்தால் பின்னால் தொடக்கப் பள்ளிப் படிப்புக்கு உண்மையிலேயே உதவுமா, வீட்டிலேயே வைத்திருந்து நேராக ஒன்றாம் வகுப்பில் சேர்த்தால் பின்தங்கிவிடுவாளா என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் வயதுப் பிள்ளைகள் சிலர் இப்போதே எழுத்தெல்லாம் எழுதுகிறார்கள் என்ற கவலையும் உங்கள் கேள்வியில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனால் அது உங்களைத் தப்பான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

உதவும். ஆனால் எது உதவுகிறது என்பதில்தான் பெற்றோர் பலரும், பள்ளிகள் பலவும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். எழுத்தைச் சீக்கிரம் கற்றுக்கொண்டதால் வரும் முன்னிலை இரண்டு மூன்று ஆண்டில் கரைந்துபோகிறது. அந்த வயதில் குழந்தையோடு பெரியவர்கள் எப்படிப் பேசினார்கள் என்பது கரைவதில்லை. அது வெளியே தெரிவதற்கே நான்காம் வகுப்பு வரை ஆகும்.

நான் பல ஆண்டுகள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். அப்புறம் என்னை நான்காம் வகுப்புக்கு மாற்றினார்கள். அந்த மாற்றம்தான் இந்த விஷயத்தில் என் கண்ணைத் திறந்தது. ஒன்றாம் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் படித்து முடித்துவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்திருந்த சில பிள்ளைகள், நான்காம் வகுப்பில் என் முன்னால் திணறிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் பாடத்தில் ஒரு வரி வந்தது: ‘மழை பெய்தும் ஏரி நிரம்பவில்லை.’ ஒரு பையன் எழுந்து படித்தான். தடங்கலே இல்லை, உச்சரிப்பு சுத்தம். “மழை பெய்ததா?” என்று கேட்டேன்.

“இல்லை டீச்சர்.”

“எப்படிச் சொல்றே?”

“ஏரி நிரம்பலையே.”

அவன் யோசிக்காமல் சொல்லவில்லை. ஏரி நிரம்பவில்லை என்றால் மழை பெய்திருக்காது என்பது ஒரு நியாயமான யோசனைதான். ஆனால் ‘பெய்தும்’ என்ற சொல்லின் வாலில் இருக்கும் அந்த ‘உம்’ அவனுக்கு எதையும் சொல்லவில்லை. அடுத்து ஒரு பெண்ணைக் கேட்டேன். அவள் படிப்பதில் நிதானம், இன்னமும் விரல் வைத்துத்தான் படிப்பாள். ஒன்றாம் வகுப்புக்கு வந்தபோது அவளுக்கு ஏழெட்டு எழுத்துக்கு மேல் தெரியாது. அவள் சொன்னாள்: “பெஞ்சுது டீச்சர். ஆனா பத்தலை.”

அந்தப் பையனுக்கு எழுத்து முழுக்கத் தெரியும். அவளுக்கோ மொழி தெரியும். ஒன்றாம் வகுப்பில் பாடப்புத்தகம் ‘மரம்’, ‘படம்’, ‘அம்மா வா’ என்ற அளவில் இருக்கிறது. அங்கே எழுத்துக் கூட்டத் தெரிந்தால் எல்லாம் தெரிந்த மாதிரிதான். மூன்று, நான்காம் வகுப்பில் வாக்கியம் வளைந்து நெளிய ஆரம்பிக்கிறது. ‘ஆகையால்’, ‘இருப்பினும்’, ‘ஒருவேளை’ எல்லாம் வருகின்றன. கணக்குப் பாடமே கதை மாதிரி எழுதப்பட்டு வருகிறது. அப்போதுதான் பேச்சில் சேர்த்து வைத்திருந்தது வேலைக்கு வருகிறது.

பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள். எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறனையும், காதால் கேட்டு மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் படித்துப் புரிந்துகொள்ளுதல். கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை பூஜ்யம்தான்.

இதற்கும் மழலையர் பள்ளிக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. டேவிட் டிக்கின்சன், மிஷெல் போர்ஷ் இருவரும் வசதி குறைந்த வீடுகளிலிருந்து வந்த 57 குழந்தைகளை, நான்கு வயதில் மழலையர் வகுப்பில் இருந்ததிலிருந்து நான்காம் வகுப்பு வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2011இல் அது வெளியானது. மழலையர் வகுப்பில் ஆசிரியர் சாதாரணமாகப் பேசும்போதே கொஞ்சம் அரிய சொற்களைப் பயன்படுத்தினாரா, கதை படிக்கும்போது ‘ஏன்’, ‘எப்படி’ என்று பிள்ளைகளோடு அலசிப் பேசினாரா என்பதற்கும், அந்தப் பிள்ளைகள் நான்காம் வகுப்பில் படித்துப் புரிந்துகொண்டதற்கும் தொடர்பு தெரிந்தது. 57 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் வகுப்பறையில் நான் பார்த்ததோடு இவ்வளவு பொருந்திப்போன ஆய்வு வேறு கிடையாது.

அப்படிப்பட்ட பேச்சு எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். ஒருமுறை ஒரு மழலையர் வகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு மூலையில் தொட்டியில் தண்ணீர். நான்கு வயதுப் பையன் ஒருவன் கையில் கிடைத்ததை எல்லாம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கல் மூழ்கியது, பாட்டில் மூடி மிதந்தது. ஆசிரியை பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“மூடி ஏன் மிதக்குது?”

“அது லேசு.”

“அப்படியா? இந்தக் கட்டை அந்தக் கல்லைவிடக் கனமா இருக்கே. அதுவும் மிதக்குதே?”

அவன் ஒரு கையில் கட்டையையும் இன்னொரு கையில் கல்லையும் வைத்து மாறி மாறிப் பார்த்தான். ரொம்ப நேரம் பேசவில்லை. அந்த ஆசிரியையும் பேசவில்லை. நானாக இருந்தால் அந்த இடத்தில் பதிலை எடுத்துக் கொடுத்திருப்பேன், இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். அவர் காத்திருந்தார். கடைசியில் அவன், “கட்டைக்குள்ள காத்து இருக்கு” என்றான். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. “காத்து இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கலாம்?” என்று கேட்டார். பையன் கட்டையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, குமிழி வருகிறதா என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான்.

அந்தச் சில நிமிடத்தில் அவன் ஒரு எழுத்தும் எழுதவில்லை. ஆனால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டான், காரணம் சொன்னான், சொன்ன காரணத்தைச் சோதித்துப் பார்த்தான். கனம், லேசு, மிதப்பது, அமுங்குவது, குமிழி என்று அத்தனை சொல்லும் கையில் ஈரத்தோடு அவனுக்குள் போனது. இவை எதுவும் வீட்டுப்பாட நோட்டில் வராது. மாலையில் அம்மா ‘இன்னிக்கு என்ன படிச்சே?’ என்று கேட்டால் அவன் ‘தண்ணில விளையாடினேன்’ என்றுதான் சொல்வான். அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கும். அதனால்தான் பள்ளிகள் நோட்டை நிரப்புகின்றன. பெற்றோருக்குக் காட்ட ஏதாவது வேண்டும் இல்லையா.

பேச்சு என்றதும் குழந்தையிடம் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2018இல் ரேச்சல் ரோமியோவும் உடன் ஆய்வாளர்களும் நான்கிலிருந்து ஆறு வயது வரையுள்ள 36 குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து, கதை கேட்கும்போது அவர்கள் மூளை எப்படி வேலை செய்கிறது என்றும் படம் எடுத்துப் பார்த்தார்கள். பெரியவர்கள் மொத்தம் எத்தனை சொல் பேசினார்கள் என்பதைவிட, பேச்சு எத்தனை தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது என்பதே மூளையின் மொழிப் பகுதி சுறுசுறுப்பாக இயங்கியதோடு ஒட்டி வந்தது. பந்தை எறிந்தால் திரும்பி வர வேண்டும். ஒரே பக்கம் எறிந்துகொண்டிருந்தால் அது விளையாட்டு இல்லை.

சரி, எழுத்துக்கு வருவோம். உங்கள் பயமே அதில்தானே.

தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. இத்தனையையும் ஒரு குழந்தை சரளமாகக் கையாள்வதற்குச் சில ஆண்டுகள் ஆகும். தமிழைப் போலவே உயிர்மெய் வரிசை கொண்ட கன்னடத்தில் செய்த ஆய்வுகளிலும், எழுத்து கற்கும் வேலை மூன்றாம், நான்காம் வகுப்பு வரை நீள்கிறது என்று கண்டிருக்கிறார்கள். அப்படியிருக்க, நான்கு வயதுக்குள் எல்லாவற்றையும் திணித்து முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்துக்கு அடிப்படையே இல்லை. நியூசிலாந்தில் செபாஸ்டியன் சகேட் செய்த ஆய்வில், ஐந்து வயதில் படிக்கத் தொடங்கியவர்களையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். ஏறக்குறைய 11 வயதில் படிக்கும் வேகத்தில் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை. பின்லாந்தில் பள்ளிக்கூடம் தொடங்குவதே ஏழு வயதில்தான்.

அதற்காக எழுத்துக்கு முன்னால் எதுவும் செய்ய வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. எழுத்துக்கு முன்னால் ஒலி இருக்கிறது. டென்மார்க்கில் போர்ன்ஹோம் என்ற தீவில் இங்வார் லுண்ட்பெர்க் குழுவினர் ஆறு வயதுக் குழந்தைகளுக்குத் தினமும் கால் மணி, இருபது நிமிடம் ஒலி விளையாட்டு மட்டும் விளையாட வைத்தார்கள். எதுகை, மோனை மாதிரி ஒலி ஒத்து வரும் சொற்களைக் கண்டுபிடிப்பது, சொல்லைக் கைதட்டித் துண்டு துண்டாக்குவது, முதல் ஒலியைப் பிரித்துச் சொல்வது, இப்படி. எழுத்து சொல்லியே கொடுக்கவில்லை. எட்டு மாதம். அந்தக் குழந்தைகள் பின்னால் இரண்டாம் வகுப்பு வரை படிப்பதிலும் பிழையின்றி எழுதுவதிலும் மற்ற குழந்தைகளைவிட முன்னால் இருந்தார்கள். 1988இல் வெளியான ஆய்வு இது.

தமிழில் இதைச் செய்வது சுலபம். ‘பந்து, பட்டம், பல்லி, குடை. இதில் எது சேரவில்லை?’ ‘வண்டுல வ-வை எடுத்துட்டு ந-வைப் போட்டா என்ன வரும்?’ ‘கல், கால் ரெண்டையும் சொல்லிப் பாரு, எது இழுக்குது?’ குறிலும் நெடிலும் காதில் வேறு வேறாக விழுந்த குழந்தைக்குத் துணைக்கால் எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. காதில் விழாத குழந்தைதான் மூன்றாம் வகுப்பிலும் ‘பாடம்’ என்பதைப் ‘படம்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியை என்ற முறையில் சொல்கிறேன்: எழுத்துத் தெரியாமல் வரும் குழந்தை எனக்குச் சுமையே இல்லை. ஒலி பிரிக்கத் தெரிந்திருந்தால் சில மாதத்தில் பிடித்துக்கொள்ளும். பென்சிலைக் கண்டாலே முகம் சுருங்கும் குழந்தைதான் சுமை. அந்தச் சுருக்கம் பெரும்பாலும் மூன்றரை வயதில் நோட்டுப் போட்டு எழுத வைத்ததில் வந்தது. விரல்களுக்கு முதலில் களிமண் பிசைவதும், மணி கோப்பதும், காகிதம் கிழிப்பதும் வேண்டும்.

கணக்கில் விஷயம் கொஞ்சம் வேறு. 2007இல் கிரெக் டங்கன் தலைமையில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய நாடுகளின் ஆறு பெரிய நீண்டகால ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தார்கள். பள்ளிக்குள் நுழையும்போது குழந்தையிடம் இருக்கும் எது பின்னாளைய படிப்பை அதிகம் முன்னறிவிக்கிறது என்பதுதான் கேள்வி. முதலிடத்தில் வந்தது எண்ணறிவு. அதற்கு அடுத்துதான் மொழியும் வாசிப்பும், அப்புறம் கவனம்.

எண்ணறிவு என்றால் நூறு வரை ஒப்பிப்பது இல்லை. இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஆறு பொத்தான்களை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். ‘ஆறு’ என்று சொன்னதும் அவள் கண் முன்னாலேயே அவற்றைக் கொஞ்சம் பரப்பி வையுங்கள். ‘இப்போ எத்தனை?’ சில குழந்தைகள் மறுபடியும் முதலிலிருந்து எண்ணும். சில குழந்தைகள் உங்களை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ‘ஆறுதான்’ என்று சொல்லும். இரண்டாவது குழந்தைக்கு எண் என்பது வாயில் வரும் பாட்டு இல்லை, ஓர் அளவு. முதல் குழந்தைக்குக் குறை ஒன்றும் இல்லை, இன்னும் கொஞ்சம் எண்ணி விளையாட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த விளையாட்டுக்கு எவ்வளவு சக்தி என்பதை ராபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரும் 2008இல் காட்டினார்கள். ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்ட பத்துக் கட்டம். சுழற்றினால் ஒன்றோ இரண்டோ விழும். நான்காவது கட்டத்தில் காய் இருக்கும்போது இரண்டு விழுந்தால் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணாமல், ‘ஐந்து, ஆறு’ என்று கட்டத்து எண்ணைச் சொல்லிக்கொண்டே நகர்த்த வேண்டும். இரண்டு வாரத்தில் நான்கு தடவை, ஒவ்வொன்றும் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. எந்த எண் பெரிது என்று சொல்வதிலும், கோட்டில் எண்ணுக்கு இடம் காட்டுவதிலும் குழந்தைகள் கண்கூடாக முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது நின்றது. எண்ணுக்குப் பதிலாக நிறம் போட்ட கட்டத்தில் விளையாடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. ஓர் அட்டையும் பேனாவும் இருந்தால் இன்றைக்கே நீங்கள் செய்யலாம்.

டங்கன் ஆய்வில் இன்னொன்றும் வந்தது, நான் எதிர்பார்க்காதது. அடம், சண்டை, அழுகை மாதிரியான நடத்தைக்கும் பின்னாளைய மதிப்பெண்ணுக்கும் அவ்வளவு தொடர்பு தெரியவில்லை. கவனத்துக்குத்தான் தொடர்பு இருந்தது. ஆகவே முதல் நாள் பள்ளி வாசலில் உருண்டு புரண்டு அழுதாள் என்பதை வைத்து அவள் படிப்பைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். கட்டிக்கொண்டிருந்த கோபுரம் சரிந்த பிறகும் அவள் மறுபடி உட்கார்ந்து அடுக்குகிறாளா என்று பாருங்கள்.

இப்போது ஆய்வுகளில் சண்டை வரும் இடத்துக்கு வருகிறேன். ‘மழலையர் பள்ளியால் பலன் இல்லை என்று ஆய்வு சொல்கிறதே’ என்று யாராவது உங்களிடம் சொன்னால் அவர்கள் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1965இல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் என்ற மழலையர் கல்வித் திட்டத்தை ஏறக்குறைய 5,000 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். மழலையர் வகுப்பு முடியும்போது இருந்த முன்னேற்றம் ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் பெரும்பாலும் மறைந்துவிட்டது என்று 2010இல் அறிக்கை வந்தது. டென்னசி மாநிலத்தின் கதை இன்னும் மோசம். 2,990 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். மாநில அரசின் மழலையர் வகுப்புக்குப் போனவர்கள் ஆறாம் வகுப்பில், போகாதவர்களைவிடக் குறைவான மதிப்பெண் வாங்கினார்கள், ஒழுங்கு நடவடிக்கைக்கும் அதிகம் ஆளானார்கள். 2022இல் இது வெளிவந்தபோது பலர் நம்பவே மறுத்தார்கள். அந்த ஆய்வாளர்களில் ஒருவரான டேல் ஃபாரன் பின்னர் சுட்டிக்காட்டியது என்னவென்றால், இப்படிப்பட்ட வகுப்புகளில் குழந்தைகள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஆசிரியர் பேசுவதைக் கேட்பதிலும், வரிசையில் நிற்பதிலும், ‘சத்தம் போடாதே’ என்று சொல்லக் கேட்பதிலுமே நேரம் கழிகிறது என்பதுதான்.

மறுபக்கம் பெர்ரி மழலையர் பள்ளி. மிச்சிகனில் இப்சிலான்டி என்ற ஊரில், 1962க்கும் 1967க்கும் இடையில், வறுமையில் இருந்த 123 கறுப்பினக் குழந்தைகள். 58 பேருக்கு மழலையர் கல்வி, 65 பேருக்கு இல்லை. தினமும் காலையில் இரண்டரை மணி நேரம் வகுப்பு. வாரம் ஒருமுறை ஆசிரியர் வீட்டுக்கே போய்த் தாயோடும் குழந்தையோடும் உட்கார்ந்தார். அந்தக் குழந்தைகளின் நுண்ணறிவு எண் முதலில் ஏறியது, அப்புறம் சில ஆண்டிலேயே மற்றவர்களோடு சமமாகிவிட்டது. அங்கேயே ஆய்வை நிறுத்தியிருந்தால் ‘வீண்’ என்று எழுதியிருப்பார்கள். ஆனால் விடாமல் அவர்களின் 40 வயது வரை போனார்கள். உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்கள் மழலையர் கல்வி பெற்றவர்களில் 65 சதவீதம், பெறாதவர்களில் 45 சதவீதம். பொருளாதாரத்தில் நோபல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் இந்தத் தரவை மீண்டும் அலசி, பலனில் பெரும்பங்கு மதிப்பெண் வழியாக வரவில்லை, நடத்தையும் மனப்பாங்கும் மாறியதன் வழியாக வந்தது என்றார்.

பாஸ்டன் நகரத்திலும் அதே மாதிரிதான். அங்கே மழலையர் பள்ளியில் இடம் கேட்டவர்கள் அதிகம், அதனால் குலுக்கல் போட்டார்கள். 1997இலிருந்து 2003 வரை குலுக்கலில் கலந்துகொண்ட 4,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்னாளில் பார்த்தபோது, இடம் கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் பள்ளித் தேர்வு மதிப்பெண்ணில் வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் உரிய காலத்தில் கல்லூரிக்குப் போனவர்கள், இடம் கிடைத்தவர்களில் 8 சதவீதப் புள்ளி அதிகம்.

என் அனுபவத்தையும் சேர்த்து இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். மறைவது பெரும்பாலும் எழுத்து, எண் வரிசை, நிறம், வடிவம் மாதிரியானவை. அவற்றை எந்தக் குழந்தையும் ஒன்றாம் வகுப்பில் எப்படியும் கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் கற்றவர் காத்திருக்கிறார், மற்றவர் வந்து சேர்ந்துவிடுகிறார். இதில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்களான எங்கள் பங்கும் இருக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. பாதி வகுப்புக்குத் தெரிந்த பாடத்தை மறுபடி முதலிலிருந்து நடத்துவோம். ஐந்து வயதில் காரணம் கேட்டுப் பழகிய பிள்ளை ‘ஏன் டீச்சர்?’ என்று கேட்டால், ‘முதல்ல எழுதி முடி’ என்போம். நானே சொல்லியிருக்கிறேன். அந்தக் குழந்தை இரண்டு மாதத்தில் கேட்பதை நிறுத்திவிடும். மழலையர் பள்ளி கொடுத்ததை ஒன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டு மேலே போகாவிட்டால், நல்ல பள்ளியில் படித்த குழந்தையும் சமமாகத்தான் போகும்.

அப்படியானால் பள்ளியை எப்படித் தேர்ந்தெடுப்பது? இங்கிலாந்தில் 1997இல் தொடங்கி 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று இதற்குப் பயன்படும். நல்ல தரமான மழலையர் பள்ளியின் பலன் தொடக்கப் பள்ளி முடியும் வரை தெரிந்தது. தரம் குறைந்த இடத்துக்குப் போனவர்களுக்கு அந்த அளவு இல்லை. இன்னொன்று, முழு நாள் போனவர்கள் அரை நாள் போனவர்களைவிட அதிகம் பெறவில்லை. எத்தனை மாதம் தொடர்ந்து போனார்கள் என்பதற்குப் பலன் இருந்தது. அதனால் மூன்று வயதில் அரை நாள் தாராளமாகப் போதும்.

பள்ளியைப் பார்க்கப் போனால் சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்க்காதீர்கள். ஒரு பத்து நிமிடம் ஓரமாக நின்று காதால் கேளுங்கள். யார் குரல் அதிகம் கேட்கிறது? ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு ‘ஆமாம் மிஸ்’ என்று கோரஸாகப் பதில் வருகிறதா, ஒவ்வொரு குழந்தையும் வேறு வேறாக ஏதோ சொல்கிறதா? குழந்தை சொல்லி முடிக்கும் வரை யாராவது காத்திருக்கிறார்களா? ஒரு பெரியவருக்கு எத்தனை குழந்தைகள் என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒரே ஆளிடம் முப்பது குழந்தைகள் இருந்தால் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தத் தண்ணீர்த் தொட்டிப் பேச்சு நடக்காது.

வகுப்பில் எந்த மொழி என்பதையும் கேளுங்கள். இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. ‘ஏன்’ என்று கேட்கவும், ‘எனக்கு என்ன தோணுதுன்னா’ என்று தொடங்கவும் குழந்தைக்குச் சொந்த மொழி வேண்டும். அதைப் பிடுங்கிவிட்டுப் பாதி தெரிந்த மொழியில் ‘யெஸ், நோ’ சொல்லப் பழக்கினால், சிந்தனை பழக வேண்டிய இரண்டு வருடம் போய்விடும். தொடக்கக் கல்வி தாய்மொழியில் இருக்க வேண்டும் என்று யுனெஸ்கோ 1953லேயே சொன்னது. இன்னொரு மொழி பக்கத்திலேயே பாட்டாகவும் கதையாகவும் வரட்டும், தடையில்லை. தாய்மொழி வலுவாக இருக்கும் குழந்தை இரண்டாவது மொழியையும் நன்றாகவே பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக, ‘வீட்டிலேயே வைத்திருந்தால்’ என்ற உங்கள் கேள்வி. நல்ல பள்ளி கிடைக்கவில்லை என்றால், மோசமான பள்ளியைவிட வீடு மேல் என்று தயங்காமல் சொல்வேன். அதே இங்கிலாந்து ஆய்வு, பெற்றோர் என்ன வேலை பார்க்கிறார்கள், எவ்வளவு படித்திருக்கிறார்கள் என்பதைவிட, வீட்டில் குழந்தையோடு என்ன செய்கிறார்கள் என்பதே பெரிது என்று கண்டது. ஜமைக்காவில் 1986-87இல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து ஒரு முயற்சி நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு சுகாதாரப் பணியாளர் போவார். வீட்டிலேயே செய்த விளையாட்டுப் பொருள்களை வைத்துக் குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டுவார். இரண்டு ஆண்டு, அவ்வளவுதான். 20 ஆண்டு கழித்துப் பார்த்தால் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். அங்கே பள்ளிக்கூடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் வீட்டில் ஒன்று கிடைக்காது. கூட விளையாட நாலு பேர், தன் முறைக்குக் காத்திருப்பது, அம்மா இல்லாத இடத்தில் தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்பது, இவையெல்லாம் வெளியேதான் வரும். பேச்சு தாமதமாவதையும், காது சரியாகக் கேட்காததையும் வீட்டில் நாம் கவனிக்காமல் விட்டு, பல குழந்தைகளோடு பழக்கப்பட்ட ஆசிரியர் கண்டுபிடிப்பதும் நடக்கிறது. அதனால் ஒன்றாம் வகுப்புக்கு முன்னால் ஓர் ஆண்டாவது வெளியே போகட்டும் என்பேன். வீட்டில் பேசிச் சிரிக்க ஆள் இல்லாத குழந்தை என்றால், புத்தகமே பார்க்காத வீடு என்றால், பள்ளியின் பலன் இன்னும் கூடுதல். அங்கே இரண்டு ஆண்டு வேண்டும்.

உங்கள் மகள் நாளை ஒன்றாம் வகுப்பில் சேரும்போது எழுத்து கொஞ்சம் பின்னால் இருந்தால், முதல் வாரமே ஆசிரியரைப் பார்த்து அதை நேராகச் சொல்லிவிடுங்கள். அதோடு அவளுக்கு எந்தக் கதை பிடிக்கும், எதைப் பற்றி ஓயாமல் கேள்வி கேட்பாள் என்பதையும் சொல்லுங்கள். பெற்றோர் யாரும் அதை வந்து எங்களிடம் சொல்வதில்லை. சொன்ன ஒரு சிலரின் பிள்ளைகளிடம் நான் எங்கிருந்து பேச்சை ஆரம்பிப்பது என்று எனக்கு முதல் நாளே தெரிந்திருந்தது.